சிப்புகளில் ஒளி: எதுவரை வரும், எங்கே நிற்கும்

2024 மார்ச்சில் என்விடியா நிறுவனம் செயற்கை நுண்ணறிவுக் கணிப்புகளைச் செய்யும் 72 ஜிபியு சிப்புகளை ஒரே ரேக்கில் (அடுக்குச் சட்டத்தில்) அடுக்கி, அவை அனைத்தும் ஒரே பெரிய சிப்பைப் போல இயங்கும்படி அமைத்த இயந்திரம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அந்தச் சிப்புகளைப் பிணைக்க அதன் முதுகுப் பகுதியில் ஏறத்தாழ 5,000 செப்புக் கம்பிவடங்கள் ஓடின. நீட்டி வைத்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒளியிழைகளை ஏன் பயன்படுத்தவில்லை என்பதற்கு நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே காரணம் சொன்னார். இதே வேலைக்கு ஒளியை அமர்த்தியிருந்தால், மின்குறிகளை ஒளியாகவும் ஒளியை மீண்டும் மின்குறிகளாகவும் மாற்றும் கருவிகளும் அவற்றைச் சார்ந்த சுற்றுகளும் மட்டுமே 20 கிலோவாட் மின்திறனை விழுங்கியிருக்கும். ரேக் முழுவதற்கும் தேவைப்படுவதே 120 கிலோவாட்தான். ஓராண்டு கழித்து, 2025 மார்ச்சில், அதே நிறுவனம் தரவு மையங்களின் ரேக்குகளை இணைத்து, தரவைப் பாதை மாற்றிவிடும் ஸ்விட்ச்களில் ஒளிக்கருவிகளைச் சிப்பின் உறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தது.

இந்த இரு முடிவுகளுக்கும் இடையே முரண் ஏதுமில்லை. ஒளி செம்பை வெல்லும் இடத்துக்கும் தோற்கும் இடத்துக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. அதன் ஒருபுறம் முதல் முடிவும் மறுபுறம் இரண்டாவதும் விழுந்தன. எதிர்காலக் கணினிகள் ஒளியால் இயங்கும் என்ற அறிவிப்பு நாற்பதாண்டுகளாகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. அதில் எவ்வளவு தேறும் என்று அளக்க விரும்புபவர், அந்தக் கோடு எதனால் வரையப்படுகிறது, எந்தத் திசையில் நகர்கிறது, எந்த இடத்தைத் தாண்டி நகராது என்று பார்ப்பதே பயனுள்ள வழி.

முதலில் வேகத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். ஒளியைவிட வேகமானது எதுவும் இல்லை என்பதால் ஒளியால் இயங்கும் கணினி வேகமாக இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். கம்பியில் எலெக்ட்ரான்கள் நத்தை வேகத்தில்தான் நகர்கின்றன. ஆனால் செய்தியைச் சுமப்பது எலெக்ட்ரானின் பயணம் அன்று, கம்பியைச் சுற்றி ஓடும் மின்காந்த அலை. அந்த அலை சாதாரணச் சர்க்யூட் போர்டில் வெற்றிடத்து ஒளிவேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்திலும், நல்ல செப்புவடத்தில் அதைவிட வேகமாகவும் செல்கிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர், அதாவது வெற்றிட வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய ஒளிப்பாதையிலோ அலைத்துடிப்பு வெற்றிட வேகத்தின் நான்கில் ஒரு பங்கில்தான் நகர்கிறது. ஆக, ஒரு ரேக்குக்குள் பந்தயம் வைத்தால் செம்பு முந்திக்கொள்வதற்கே வாய்ப்பு அதிகம். சிப்பின் உட்புறத்து மிக மெல்லிய கம்பிகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றின் மின்தடையும் மின்தேக்குத்திறனும் சேர்ந்து குறியை மந்தமாக்குகின்றன.

ஒளியை நாடுவதற்கான உண்மையான காரணம் ஆற்றல். ஒரு கம்பியில் 0 என்பதை 1 ஆக்க வேண்டுமானால் அந்தக் கம்பியின் முழு நீளத்தையும் மின்னேற்றம் செய்ய வேண்டும். மீண்டும் 0 ஆக்கும்போது அந்த மின்னேற்றம் வெப்பமாக வீணாகிறது. நீளம் கூடக்கூடச் செலவு கூடும். டிரான்சிஸ்டர்கள் சுருங்கச் சுருங்க அவற்றின் செலவு குறைந்துகொண்டே வந்தது. கம்பியின் செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014 இல் முன்வைத்த கணக்கு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 32 பிட் தசம எண்கள் இரண்டைப் பெருக்க ஏறத்தாழ 4 பைக்கோஜூல் (ஒரு பைக்கோஜூல் என்பது ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) போதும். ஆனால் சிப்புக்கு வெளியே உள்ள நினைவகத்திலிருந்து 64 பிட் தரவை எடுத்துவர 1,300 முதல் 2,600 பைக்கோஜூல் வரை ஆகும். அதில் ஒரு பங்கு நினைவகத்தின் உள்வேலைக்குப் போகிறது என்றாலும், கணக்கிடுவது மலிவு, தரவை நகர்த்துவது விலை என்ற உண்மை மாறாது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் கோடிக்கணக்கான எண்களை ஆயிரக்கணக்கான சிப்புகளுக்கிடையே ஓயாமல் பரிமாறிக்கொள்வதால், முன்பு ஓரமாக இருந்த இந்தச் செலவு இப்போது நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

செம்புக்கு இன்னொரு நோயும் உண்டு. அதிர்வெண் உயரும்போது மின்னோட்டம் கம்பியின் மேற்புறத்துக்கு ஒதுங்குகிறது. பயன்படும் குறுக்குப்பரப்பு சுருங்கி, இழப்பு பெருகுகிறது. சுற்றியுள்ள காப்புப் பொருளும் குறியை உறிஞ்சுகிறது. எவ்வளவு வேகமாகத் தரவை அனுப்புகிறோமோ அவ்வளவு குறைந்த தூரத்தில் அது மங்கிப்போகும் என்பதே இதன் பொருள். ஒரு தடத்தில் நொடிக்கு 200 கிகாபிட் அனுப்பும் இன்றைய வேகத்தில், இடையில் பெருக்கி எதுவும் இல்லாத செப்புவடம் ஓரிரு மீட்டரோடு நின்றுவிடுகிறது. 72 ஜிபியுக்களை ஒரே ரேக்கில் நெருக்கி அடுக்கியதற்கு அந்த ஓரிரு மீட்டர் ஒரு முக்கியக் காரணம். பொறியாளர்கள் செம்பைக் காப்பாற்றிக்கொள்ளக் கணினியின் உருவத்தையே அதற்கேற்ப வளைத்தார்கள் என்று சொல்வதில் தவறில்லை.

கண்ணாடி இழைக்கு இந்தத் தொல்லை இல்லை. சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்ஹாமும் 1966 இல், கண்ணாடியில் கலந்துள்ள அசுத்தங்களை நீக்கினால் ஒளி கிலோமீட்டர் கணக்கில் செல்லும் என்று வாதிட்டார்கள். 1970 இல் கார்னிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்கும் குறைவான இழப்புள்ள இழையை உருவாக்கினார்கள். இன்று அது கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல், அதாவது 15 கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி எஞ்சியிருக்கும். அந்த ஒளியை நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் துடிக்க வைத்தாலும் 200 கிகாபிட் வேகத்தில் துடிக்க வைத்தாலும் இழை உறிஞ்சும் அளவு மாறாது. அதோடு, வெவ்வேறு அலைநீளங்களில் பல குறிகளை ஒரே இழைக்குள் ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்யாது.

கடைசியில் சொன்ன அந்தப் பண்புதான் இந்த விவகாரம் முழுவதற்கும் ஆணிவேர். எலெக்ட்ரான்களுக்கு மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று விலக்கும், அருகிலுள்ள அணுக்களோடு மோதும், ஒரு சிறு மின்னழுத்தத்துக்குக்கூட அடிபணியும். ஃபோட்டான்களுக்கு மின்னூட்டம் இல்லை. ஓர் ஒளிக்கற்றையின் ஊடாக மற்றொன்றைச் செலுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே கடந்துபோகும். எதனோடும் ஒட்டாத இந்த இயல்பால் ஒளி தரவைச் சுமப்பதற்கு இணையற்றதாகிறது. ஆனால் கணக்கிடுவது என்பது ஒரு குறி மற்றொரு குறியை மாற்றுவது. நினைவில் வைப்பது என்பது ஒரு குறியை ஓரிடத்தில் நிறுத்திவைப்பது. எதனோடும் ஒட்டாத ஒன்றை இவ்விரண்டுக்கும் பழக்குவது கடினம். ஒளியின் வலிமைக்கும் குறைக்கும் மூலம் ஒன்றே என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் நீக்கிவிட முடியாது.

ஒளியைச் சிப்புக்குள் கொண்டுவரும் முயற்சிக்குச் சிலிக்கானே அடித்தளமாக அமைந்தது ஒரு வகையில் நல்லூழ். கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சிவிடும் சிலிக்கான், 1,100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பு அலைநீளங்களுக்குக் கண்ணாடிபோல் தெளிவானது. தொலைத்தொடர்பில் பயன்படும் 1,310, 1,550 நானோமீட்டர் அலைகள் இரண்டும் அந்த எல்லைக்கு அப்பால் உள்ளன. அதன் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள சிலிக்கா கண்ணாடியைவிட மிக அதிகம் என்பதால், 450 முதல் 500 நானோமீட்டர் அகலமே உள்ள சிலிக்கான் கீற்று ஒன்று ஒளியைத் தனக்குள் பூட்டி வைத்து, சில மைக்ரோமீட்டர் ஆரத்தில் வளைத்தும் கொண்டுபோகும். 1987 இல் ரிச்சர்ட் சோரெஃப், பிரையன் பென்னட் ஆகியோர், சிலிக்கானில் கட்டற்ற மின்னூட்டங்களின் எண்ணிக்கையை மாற்றினால் அதன் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். மாற்றம் மிகச் சிறியது. ஆனாலும் மின்குறியால் ஒளியைத் துடிக்க வைக்கும் பண்பேற்றிகளை அமைக்க அது போதும் என்று பின்னர் தெரிந்தது. 2004 இல் இன்டெல் நிறுவனம் ஒரு கிகாஹெர்ட்சைத் தாண்டிய சிலிக்கான் பண்பேற்றியைக் காட்டியது. அடுத்த ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிஷல் லிப்சனின் குழு, 12 மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள வளையம் ஒன்றால் அதே வேலையைச் செய்தது. ஒளியை மீண்டும் மின்குறியாக மாற்றச் சிலிக்கானின் மேல் வளர்க்கக்கூடிய ஜெர்மானியம் கைகொடுத்தது. 2015 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டுக்குழு ஒன்று, 7 கோடி டிரான்சிஸ்டர்களும் 850 ஒளிக்கூறுகளும் ஒரே சிப்பில் அமர்ந்து, நினைவகத்தோடு ஒளியாலேயே பேசும் செயலியை நேச்சர் இதழில் அறிவித்தது. தனியாக ஓர் ஆலை கட்டாமல், வழக்கமான 45 நானோமீட்டர் உற்பத்தி முறையிலேயே அதைச் செய்துமுடித்தது அந்த ஆய்வின் தனிச்சிறப்பு.

இவ்வளவு நடந்தும் நம் கணினிகள் செம்பிலேயே ஓடுவது ஏன் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. முதல் தடை சிலிக்கானிலேயே இருக்கிறது: அது ஒளியை நன்றாகக் கடத்துமே தவிர, பிறப்பிக்காது. அதன் ஆற்றல் பட்டைகளின் அமைப்பால், எலெக்ட்ரான் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. எனவே லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற வேறொரு பொருள் வேண்டும். அதைச் சிலிக்கானின் மேல் ஒட்ட வேண்டும், அல்லது வெளியே வைத்து இழையால் ஒளியைக் கொண்டுவர வேண்டும். லேசர்களுக்குச் சூடு ஆகாது. வெப்பநிலை உயர உயர அவற்றின் திறன் குறைந்து, ஆயுளும் சுருங்குகிறது. நூற்றுக்கணக்கான வாட்டுகளைக் கக்கும் செயலியின் அருகில் லேசரை வைப்பது அதற்குச் சிறைத்தண்டனைக்குச் சமம் என்பதால், பலரும் அதைத் தனிப் பெட்டியில், பழுதானால் கழற்றி மாற்றக்கூடிய வகையில், தள்ளியே வைக்கிறார்கள். தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் லேசர் எரிந்துகொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; கம்பியோ குறி மாறும்போது மட்டுமே பெரும்பாலும் செலவழிக்கிறது.

அடுத்தது இழப்புகளின் சங்கிலி. லேசரிலிருந்து சிப்புக்குள் நுழையும்போது கொஞ்சம், பண்பேற்றியில் கொஞ்சம், சிப்பிலிருந்து இழைக்குள் ஏறும்போது கொஞ்சம், மறுமுனையில் இறங்கும்போது கொஞ்சம் என்று ஒளி சிதறிக்கொண்டே போகிறது. ஒவ்வோர் இடத்திலும் போவது சிறிதாகத் தெரிந்தாலும், எல்லாம் சேர்ந்து 10 டெசிபெல் ஆனால் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அதை ஈடுகட்ட லேசரைப் பத்து மடங்கு பிரகாசமாக எரிக்க வேண்டும். நுழைவாயில்களின் இழப்புக்குப் பின்னால் ஒரு வடிவியல் சிக்கல் இருக்கிறது. இழைக்குள் ஒளி பரவும் வட்டத்தின் விட்டம் 9 அல்லது 10 மைக்ரோமீட்டர். சிலிக்கான் பாதையின் அகலம் அரை மைக்ரோமீட்டர். இரண்டையும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த பிழையோடு பொருத்தி, பல ஆண்டுகள் சூடேறி ஆறினாலும் நகராதபடி நிலைநிறுத்த வேண்டும். ஆய்வகச் செய்திகளில் இந்த வேலை இடம்பெறுவதில்லை. உற்பத்தியிலோ இந்தப் பொருத்துதலும் உறையிடுதலும் சோதித்தலும்தான் விலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்தத் துறையின் மெதுவான நடைக்கு இயற்பியலைவிட இந்த ஒட்டுவேலையே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

மூன்றாவது தடை வெப்பம். சிறியதாகவும் சிக்கனமாகவும் இருக்கும் வளையப் பண்பேற்றி, தன் சுற்றளவுக்கு இசையும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டுமே பிடிக்கும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் வெப்பநிலையோடு மாறுவதால், ஒரு டிகிரி சூடேறினாலே அந்த அலைநீளம் ஏறத்தாழ 0.07 நானோமீட்டர் விலகிப்போகும். வளையத்தின் பிடிப்பு அகலமே 0.1, 0.2 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால், இரண்டு மூன்று டிகிரி மாற்றத்தில் அது தன் குறியைத் தொலைத்துவிடும். செயலியின் வெப்பநிலையோ வேலைச்சுமைக்கேற்பப் பத்துக்கணக்கான டிகிரி ஏறி இறங்குகிறது. இதற்குத் தீர்வாக ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு நுண் சூடேற்றியை வைத்து, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றால் அதை இடைவிடாமல் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றலைச் சேமிக்க வந்த கருவிக்குச் சூடுபோட ஆற்றல் செலவிடுவது விந்தையாகப் படலாம். ஆனால் அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகும் ஒளி வெல்லும் தொலைவுகள் இருக்கின்றன.

அந்தத் தொலைவுகளில்தான் இன்றைய உண்மையான வணிகம் நடக்கிறது. தரவு மையங்களில் ரேக்கிலிருந்து ரேக்குக்கு ஒளியிழை செல்வது பழைய செய்தி. இதுவரை மின்குறியை ஒளியாக்கும் டிரான்ஸீவர்கள் ஸ்விட்ச்சின் முகப்பில் செருகும் தனிக் குச்சிகளாக இருந்தன. சிப்பிலிருந்து முகப்புவரை குறி செம்பில் போராடிக்கொண்டு வர வேண்டியிருந்தது. நொடிக்கு 1.6 டெராபிட் அனுப்பும் அத்தகைய ஒரு குச்சிக்கு 30 வாட் தேவைப்படுகிறது. ஒரு ஜிபியுவுக்கு ஆறு குச்சிகள் வீதம் பத்து லட்சம் ஜிபியுக்களுக்கு 180 மெகாவாட் ஆகிறது என்று 2025 இல் ஹுவாங் கணக்குக் காட்டினார். ஒளிக்கருவியைச் சிப்பின் உறைக்குள்ளேயே வைத்துவிட்டால் அந்தச் செப்புப் பயணம் சில சென்டிமீட்டராகவோ மில்லிமீட்டராகவோ சுருங்கி, குறியைத் திருத்தும் சுற்றுகளில் பெரும்பகுதி தேவையற்றுப் போகிறது. பிராட்காம் நிறுவனம் என்விடியாவுக்கு முன்பே இந்த வகை ஸ்விட்ச்களை உருவாக்கியிருந்தது. இதில் ஓர் இழப்பும் உண்டு: செருகும் குச்சி பழுதானால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், உறைக்குள் புகுந்துவிட்ட கருவி பழுதானால் விலையுயர்ந்த ஸ்விட்ச் முழுவதுமே பணிமனைக்குப் போக நேரிடும். தரவு மையங்களை நடத்துவோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

கூகுள் நிறுவனம் வேறொரு வழியில் போனது; அது இன்னும் புத்திசாலித்தனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. செயற்கை நுண்ணறிவுக்கென அது உருவாக்கிய டிபியு வி4 கணினியில் 4,096 சிப்புகளை இணைக்கும் ஒளி ஸ்விட்ச்கள் ஒளியை மின்குறியாக மாற்றிப் படிப்பதே இல்லை. நுண்ணிய கண்ணாடிகள் சாய்ந்து, ஓர் இழையிலிருந்து வரும் ஒளிக்கற்றையை மற்றோர் இழைக்குத் திருப்பிவிடுகின்றன. எவ்வளவு வேகமான தரவு வந்தாலும் கண்ணாடிக்கு அதனால் கூடுதல் வேலை இல்லை. நிறுவனத்தின் 2023 ஆய்வுக்கட்டுரைப்படி இந்த ஒளி ஸ்விட்ச்சிங் ஏற்பாடு கணினியின் விலையில் 5 விழுக்காட்டுக்கும் மின்திறனில் 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. கண்ணாடிகள் திரும்ப மில்லிநொடிகள் ஆகும் என்பதால் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் பாதை மாற்ற முடியாது. ஒரு பெரிய கணிப்புவேலை தொடங்கும்முன் இணைப்பு வடிவத்தை அமைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒளிக்கு எது இயல்போ அதை மட்டும் அதனிடம் கேட்டிருக்கிறார்கள்.

கணக்கிடும் வேலைக்கு ஒளியை அமர்த்தும் ஆசையின் வரலாறு இதைவிடக் கலவையானது. ஒரு குவிவில்லை, தன்முன் உள்ள படத்தின் ஃபூரியர் உருமாற்றத்தை, அதாவது படத்தை அதில் கலந்துள்ள அலைகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கை, ஒளி கடந்துபோகும் நேரத்திலேயே தந்துவிடும். வேறெந்த ஆற்றலும் வேண்டாம். 1950களிலும் 60களிலும் விமான ரேடார்களின் பதிவுகளைப் படங்களாக மாற்ற இந்த முறையே பயன்பட்டது. அன்றைய எண்மக் கணினிகளால் அது ஆகாத காரியம். எண்மச் சிப்புகள் மலிவானதும் வில்லைகள் ஒதுங்கின. 1990 ஜனவரியில் பெல் ஆய்வகத்தில் ஆலன் ஹுவாங்கின் குழு ஒளியால் இயங்கும் எண்மச் செயலி ஒன்றைக் காட்டியபோது செய்தித்தாள்கள் பரபரத்தன. அதன் தர்க்கவாயில்களாக இருந்த கருவிகள், விழும் ஒளியை உள்ளே மின்னோட்டமாக்கி, அந்த மின்னோட்டத்தால் அடுத்த கற்றையைத் தடுத்தோ விட்டோ வேலை செய்தன; அதாவது நடுவில் எலெக்ட்ரான் இருக்கத்தான் செய்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் கீஸ் போன்றவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எச்சரித்துவந்தார்கள்: ஒரு கருவி சாவியைப் போலத் திறந்து மூடினால் மட்டும் அது டிரான்சிஸ்டருக்கு மாற்றாகிவிடாது.

பெல் ஆய்வகத்தில் இருந்து பின்னர் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்ற டேவிட் மில்லர், அத்தகைய ஒளிக்கருவிகளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அவரே 2010 இல், ஒளி டிரான்சிஸ்டர் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளை வரிசைப்படுத்தினார். ஒரு கருவியின் வெளியீடு அடுத்த கருவியின் உள்ளீடாகும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும்; குறைந்தது இரண்டு கருவிகளையாவது இயக்க வேண்டும்; மங்கி வரும் குறியைத் தூய 0 ஆகவோ 1 ஆகவோ மீட்டுக் கொடுக்க வேண்டும்; வெளியீட்டிலிருந்து எதிரொளிப்பு உள்ளீட்டைக் குலைக்கக் கூடாது; ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே நுட்பமாகச் சரிசெய்ய வேண்டிய நிலை இருக்கக் கூடாது; வழியில் ஏற்படும் ஒளியிழப்பால் 0, 1 என்பவற்றின் பொருள் மாறக் கூடாது. டிரான்சிஸ்டர் இவை அனைத்தையும் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. ஒளிக்கருவிகள் ஒன்றிரண்டை நிறைவேற்றுகின்றன. எல்லாவற்றையும் ஒருசேர, டிரான்சிஸ்டருக்கு நிகரான ஆற்றல் செலவில் நிறைவேற்றிய ஒன்று இதுவரை வரவில்லை. ஒளியால் ஒளியை நேரடியாக மாற்றும் பொருள்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் விளைவு மிக மெல்லியது. அதைக் கூட்டுவதற்கு வலுவான ஒளியோ நீண்ட பாதையோ வேண்டும்.

நினைவகத்தின் கதை இன்னும் சுருக்கமானது. ஒரு நானோநொடிக்கு ஒளியைத் தாமதிக்கவே 20 சென்டிமீட்டர் இழை வேண்டும். 1999 இல் லெனே ஹாவ் குழு மிகக்குளிர்ந்த சோடியம் வாயுவில் ஒளியை நொடிக்கு 17 மீட்டராக மந்தப்படுத்தியது. பின்னர் நிறுத்தியும் வைத்தது. அற்புதமான இயற்பியல்தான், ஆனால் அந்தக் குளிரூட்டும் கருவிகளைக் கணினிக்குள் வைக்க யாரும் முன்வரப் போவதில்லை.

அளவும் ஒளிக்குப் பாதகமாகவே நிற்கிறது. தொலைத்தொடர்பு அலைநீளங்களைச் சிலிக்கான் பாதையில் அரை மைக்ரோமீட்டருக்குக் கீழே இறுக்கினால் ஒளி வெளியே கசியும். எத்தனை தலைமுறை உற்பத்தி நுட்பம் வந்தாலும் அலைநீளம் சுருங்காது. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம் அமரும் இடத்தில் இன்றைய முன்னணி நுட்பத்தில் பத்தாயிரம் டிரான்சிஸ்டர்களை அமர்த்திவிடலாம். அந்தப் பத்தாயிரம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு பெருக்கல் சுற்றையே கட்டிவிட முடியும்.

ஆனால் செயற்கை நுண்ணறிவு பழைய ஆசைக்குப் புது உயிர் கொடுத்தது. அதன் அடிப்படையான நரம்பு வலைப்பின்னல்களின் வேலையில் பெரும்பகுதி அணிப் பெருக்கல், அதாவது எண்களின் அட்டவணைகளைப் பெருக்குவது. அணிப் பெருக்கலுக்கு ஒளி ஒளியை மாற்ற வேண்டியதில்லை. கற்றைகளைப் பிரித்து, அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கத்தின் நிலையை) மாற்றி, மீண்டும் சேர்த்தாலே போதும். குறுக்கீட்டு விளைவே கூட்டலையும் பெருக்கலையும் செய்துவிடும். 2017 இல் எம்ஐடி ஆய்வாளர்கள் கற்றைகளை இப்படிப் பிரித்துச் சேர்க்கும் 56 குறுக்கீட்டுமானிகள் கொண்ட சிப்பால் உயிரெழுத்தொலிகளை அடையாளம் காட்டினார்கள். துல்லியம் 76.7 விழுக்காடு, அதே வேலையில் வழக்கமான கணினி 91.7 விழுக்காடு பெற்றது. அங்கிருந்து கிளைத்த நிறுவனங்களில் ஒன்றான லைட்மேட்டர், 2025 இல் நேச்சர் இதழில் வெளியிட்ட செயலி நொடிக்கு 65.5 லட்சம் கோடி செயல்களைச் செய்தது. 78 வாட் மின்திறனும் 1.6 வாட் ஒளித்திறனும் எடுத்துக்கொண்டு, நடைமுறையில் உள்ள மாதிரிகளையே ஏறத்தாழ வழக்கமான துல்லியத்தோடு ஓட்டியது. எட்டாண்டுகளில் இது பெரிய தாண்டல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே மூச்சில் 78க்கும் 1.6க்கும் உள்ள விகிதத்தையும் கவனிக்க வேண்டும்: ஒளியைவிட, அதைச் சுற்றி நிற்கும் மின்சுற்றுகளே பல மடங்கு திறனை எடுத்துக்கொள்கின்றன.

அதற்குக் காரணம், இது எண்மக் கணிப்பு அன்று. அளவுகளைத் தொடர்ச்சியாகக் கையாளும் அனலாக் கணிப்பு. எண்ணை ஒளியின் செறிவாக மாற்ற ஒரு மாற்றி வேண்டும், முடிவை மீண்டும் எண்ணாக்க மற்றொன்று வேண்டும். பின்னதே செலவில் முதலிடம் பிடிப்பது, கூடுதல் பிட் ஒவ்வொன்றுக்கும் அதன் விலை மடங்காக ஏறும். மாற்றிகள் குற்றமற்றவை என்று வைத்துக்கொண்டாலும் ஒளியின் துகள்தன்மை குறுக்கே வருகிறது. ஃபோட்டான்கள் தற்செயலான இடைவெளிகளில் வருவதால், அவற்றின் எண்ணிக்கையில் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும். 256 நிலைகளைப் பிரித்தறிய, அதாவது 8 பிட் துல்லியத்துக்கு, ஏறத்தாழ 65,000 ஃபோட்டான்கள் வேண்டும். 16 பிட் துல்லியத்துக்கு 430 கோடி. எந்தப் பொறியியலாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. மறுபக்கமும் சொல்லியாக வேண்டும்: ஒரு வெளியீட்டில் ஆயிரக்கணக்கான பெருக்கல்கள் கூட்டப்பட்டால், அந்த ஃபோட்டான் செலவு அத்தனைக்கும் பங்கிடப்படும். 2022 இல் கார்னெல் குழு ஒன்று, ஒரு பெருக்கலுக்கு ஒரு ஃபோட்டானுக்கும் குறைவாகச் செலவழித்து, கையெழுத்து எண்களை ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாக அடையாளம் கண்டது. குறைந்த துல்லியமே போதும் என்ற வேலைகளில், அணி மிகப் பெரியதாக இருந்தால், ஒளிக்குச் சாதகம் உண்டு.

அணியைப் பெரிதாக்குவதில்தான் மீண்டும் இடப்பற்றாக்குறை வந்து நிற்கிறது. 64 நிரை, 64 நிரல் கொண்ட பொதுவான அணி ஒன்றுக்கு நாலாயிரம் குறுக்கீட்டுமானிகள் வேண்டும். ஒளி ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க இழப்பும் பிழையும் திரளும். 2015 இலேயே கூகுளின் முதல் டிபியு, ஒரே சிப்பில் 65,536 பெருக்கிகளை வைத்திருந்தது. ஒளிச் சிப்பு அதைவிட வேகமாகத் துடிக்கலாம். ஆனால் இன்றைய மாதிரிகளின் எடைகள் (பயிற்சியில் பெற்ற எண்கள்) கோடிகளிலும் லட்சம் கோடிகளிலும் இருப்பதால், அவற்றை மின்நினைவகத்திலிருந்து எடுத்து ஒளிச்சுற்றில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எதைத் தவிர்க்க ஒளியை நாடினோமோ அந்தத் தரவு நகர்வு அங்கே அப்படியே காத்திருக்கிறது. லைட்மேட்டரே இப்போது சிப்புகளை ஒளியால் இணைக்கும் அடித்தளத் தகட்டை முன்னிறுத்துவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எல்லைக்கோடு இதுவரை நகர்ந்த பாதை தெளிவாக இருக்கிறது: கண்டங்களுக்கிடையே, நகரங்களுக்கிடையே, கட்டடங்களுக்குள், ரேக்கிலிருந்து ரேக்குக்கு, இப்போது சிப்பின் உறை விளிம்புவரை. அடுத்த படியாக ஒரே ரேக்குக்குள் ஜிபியுக்களுக்கிடையேயும், அவற்றுக்கும் தொலைவில் வைக்கப்பட்ட நினைவகத் தொகுப்புகளுக்கிடையேயும் ஒளி வருவதை இந்தப் பத்தாண்டுக்குள் எதிர்பார்ப்பது மிகை ஆகாது. லேசர்களின் ஆயுளும் இழைகளைப் பொருத்தும் செலவும்தான் அதன் காலத்தைத் தீர்மானிக்கும். அதற்கும் உள்ளே, ஒரே சிப்பின் இரு மூலைகளுக்கிடையே ஒளி ஓடுவது வேறு வகைச் சிக்கல். சிப்புக்குள் கம்பிகளோடு போட்டியிட வேண்டுமானால் ஒளிக்கருவிகள் பிட்டுக்குச் சில ஃபெம்டோஜூல் (பைக்கோஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இயங்க வேண்டும் என்று மில்லர் 2009 இல் கணக்கிட்டார். உறைக்குள் அமர்ந்த இன்றைய ஒளி இணைப்புகள் லேசரையும் சேர்த்துப் பிட்டுக்குச் சில பைக்கோஜூல்களைச் செலவிடுகின்றன. இடையில் உள்ள வித்தியாசம் நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு. அதில் பெரும்பங்கு லேசர், சூடேற்றி, ஒளிமாற்றிகளை இயக்கும் மின்சுற்றுகள் ஆகிய மூன்றிலும் இருக்கிறது.